காய்ந்தால் கெடும் படகு

சித்திரை வெயிலில் மாட்டுவண்டிச் சக்கரம் ஆட்டம் கொடுக்கும். ஆரக்கால்கள் குடத்துக்குள் கடகடக்கும். வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டா நழுவப் பார்க்கும். வண்டி ஓடிய காலத்தில் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர் இதற்காக உடனே தச்சரைத் தேடிப் போகமாட்டார். சக்கரத்தைக் கழற்றி ஏரியில் ஊறப் போடுவார். ஆற்றில் தண்ணீர் இருந்தால் வண்டியையே இறக்கி நிறுத்துவார். ஊறிய மரம் உப்பும், பட்டா மறுபடி இறுகும்.

ஆத்தூரிலிருந்து கடல் நேர்கோட்டில் அளந்தாலே 120 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பழுதுபார்க்கும் அறிவியலில் பாதி இந்தச் சக்கரத்திலேயே அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி ஆணியிலும் மழைநீரிலும் இருக்கிறது. அலையும் புயலும்தான் மரப்படகை அழிக்கும் என்று நாம் நினைக்கிறோம். பழுதுபார்ப்பவர்களைக் கேட்டால் வறட்சி, மழைநீர், துரு என்றுதான் வரிசை சொல்வார்கள். கடல்நீர் அந்தப் பட்டியலில் கடைசியில் வரும்.

பம்பாயில் பிறந்த சுஹைலி

இதற்கு நல்ல சாட்சி, நம் நாட்டிலேயே கட்டப்பட்ட ஒரு சின்னப் படகு. பெயர் சுஹைலி. பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1960களின் முற்பகுதியில் அதைப் பம்பாயில் கட்டுவித்தார். நீளம் 32 அடி. இந்தியத் தேக்கு. நம் தச்சர்கள் வாச்சியும் கைத்துரப்பணமும் கொண்டு செதுக்கிச் சேர்த்தது. நார்வே நாட்டு உயிர்காப்புப் படகுகளின் வழியில் வந்த, அகன்ற, கனத்த உடல்.

1968ல் லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ் ஒரு பந்தயம் அறிவித்தது: தனி ஆளாக, எங்கும் கரையேறாமல் உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது பேர் கிளம்பினார்கள். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்தை விட்ட சுஹைலி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பியது. பந்தயத்தை முடித்தது நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான்.

அந்தப் பயணம் தொடக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டியது. அட்லாண்டிக்கில் கேப் வெர்டே தீவுகளைத் தாண்டியபோது படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் குதித்து அடியில் பார்த்தார். ஏராவுக்கும், அதாவது படகின் அடிமுதுகுக் கட்டைக்கும், அதை ஒட்டிய முதல் பலகைக்கும் நடுவில் இரு பக்கமும் நீளமாக இடைவெளி விட்டிருந்தது. மூச்சடக்கி முங்கி முங்கிப் பஞ்சைத் திணித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு கான்வாஸ் துணிப் பட்டையில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, அதை இடைவெளியின் மேல் சிறு செப்பாணிகளால் அறைந்தார். அதற்கும் மேலே செப்புத் தகடு. நடுவில் சுறா ஒன்று சுற்றி வர, படகில் ஏறி அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தார்.

இவ்வளவையும் தாங்கிய சுஹைலிக்கு ஆபத்து வந்தது ஓர் அருங்காட்சியகத்தில். 1997ல் அதை லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அலை இல்லை, மழை இல்லை, காற்றின் ஈரம்கூட அளவாகக் கட்டுப்படுத்தப்பட்ட மண்டபம். அங்கே நின்ற படகின் பலகைகள் சுருங்கத் தொடங்கின. இப்படியே விட்டால் படகு செத்துவிடும் என்று கண்ட நாக்ஸ்-ஜான்ஸ்டன் 2002ல் அதை வெளியே எடுத்து, பழுதுபார்த்து, மறுபடி நீரில் மிதக்க விட்டார். 2018ல் பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அது பால்மத்துக்கு வந்து சேர்ந்தது, தன் பாயிலேயே.

மரத்தின் ஈரக் கணக்கு

மரம் நுண்குழாய்களின் கட்டு. அதில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும்: குழாயின் உள்வெளியில் கொஞ்சம், குழாயின் சுவருக்குள்ளேயே கொஞ்சம். வெட்டிய மரம் காயும்போது முதலில் உள்வெளித் தண்ணீர் வெளியேறும். அதுவரை மரத்தின் அளவு மாறாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் தண்ணீர் மிஞ்சியிருக்கும் கட்டத்தில், சுவரிலுள்ள தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கிறது. சுருக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு தண்ணீர் சுவரில் தங்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்று தீர்மானிக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரம் 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். காற்று 50 என்றால் மரம் 9. காற்று 30 என்றால் மரம் 6 அளவில். கோடைப் பிற்பகலில் நம் ஊர்ச் சக்கரம் ஏன் கடகடக்கிறது என்பதற்கும், அருங்காட்சியகத்தில் சுஹைலி ஏன் சுருங்கியது என்பதற்கும் இந்த மூன்று எண்களே போதும்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அது கண்ணுக்கே தெரியாது. வளையங்களுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில், தேக்கு முழுக்க உலர்ந்தால் இரண்டரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையிலோ அதைப் போல இரண்டு மடங்கு, ஐந்து ஐந்தரை சதவீதம். ஆகவே பலகையை மரத்தில் எந்த வாக்கில் அறுத்தார்கள் என்பதே பெரிய விஷயம். பத்து சென்டிமீட்டர் அகலப் பலகை ஒன்று 24 சதவீத ஈரத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நல்ல வாக்கில் அறுத்திருந்தால் அகலத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர் குறையும். மாற்று வாக்கில் அறுத்திருந்தால் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் வரை போகும். படகின் ஒரு பக்கத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அந்த இடைவெளி விட்டால், நீரில் இறக்கிய கணமே படகு வடிகட்டியாகிவிடும்.

மற்ற பல மரங்களைவிடத் தேக்கின் சுருக்கம் குறைவு; கப்பல் கட்டுபவர்கள் அதைத் தேடிப் போனதற்கு அது ஒரு காரணம். அதிலுள்ள எண்ணெய்ப் பசை பூஞ்சையையும் கரையானையும் தூர வைக்கும். இரும்பையும் மற்ற பல மரங்கள் அளவுக்கு அரிக்காது. ஆனால் தேக்கும் மரம்தான். காற்று கேட்கும் ஈரத்தை அதுவும் கொடுத்தே தீர வேண்டும்.

கலப்பத்து அடித்தல்

பலகைகளுக்கு நடுவிலுள்ள இணைப்பை அடைக்கும் வேலையைத் தமிழ்க் கடற்கரையில் கலப்பத்து அடிப்பது என்பார்கள். இணைப்பின் வாயை வெளிப்பக்கம் சற்று அகலமாகவும் உள்பக்கம் ஒட்டியும் வைத்திருப்பார்கள். முறுக்கிய பஞ்சுத் திரியை அதற்குள் வைத்து, மழுங்கிய உளியாலும் மரச் சுத்தியாலும் தட்டித் தட்டி இறக்குவார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பசையோ, தாரோ, இக்காலத்து ரப்பர்ப் பசையோ வரும்.

பஞ்சு தண்ணீரை அடைப்பதாகத் தோன்றும். உண்மையில் அடைப்பது பலகை. நீரில் இறங்கியதும் பலகை உப்பி, இரு பக்கமும் பஞ்சை நெரிக்கும். அந்த அழுத்தம்தான் பல பலகைகளை ஒரே ஓடாக மாற்றுகிறது. இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. காய்ந்து கிடக்கும் படகைக் கண்டு, இடைவெளி முழுவதும் பஞ்சை இறுக்கி அடித்துவிட்டால் வேலை கெடும். நீரில் உப்பும் பலகைக்குப் போக இடம் இருக்காது. அது ஆணியை இழுக்கும், உள்ளே நிற்கும் விலாச் சட்டத்தை முறிக்கும். பஞ்சு அளவாக அடிக்கத் தெரிந்தவரே கைதேர்ந்தவர்.

நெடுநாள் கரையில் கிடந்த படகை ஒரேயடியாகக் கடலில் விடுவதும் தவறு. ஈரச் சாக்குகளைப் போர்த்தி, உப்புநீர் தெளித்து, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கயிற்றுத் தொட்டிலில் தாங்கியபடி நீரில் இறக்கி, பம்பு ஓடிக்கொண்டிருக்க, ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். முதல் நாள் ஒழுகிய படகு மூன்றாம் நாள் தானாகவே ஒழுக்கை நிறுத்துவது இப்படித்தான்.

மழைநீர் செய்யும் கேடு

மரத்தை மக்கவைப்பது பூஞ்சை. அதற்கு நான்கு வேண்டும்: உணவு, மிதமான வெப்பம், ஈரம், காற்று. உணவு மரமே. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மரம் முழுக்க நீரில் ஊறிக் கிடந்தாலும் வளராது, காற்று கிடைக்காது என்பதால். நடுவில் உள்ள நிலைதான் ஆபத்து. கடலின் உப்பு இந்தப் பூஞ்சைகளுக்குப் பிடிக்காது. அக்காலத்தில் மரக் கப்பல் கட்டும்போது விலாச் சட்டங்களுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி வைத்த வழக்கம் இதனால்தான்.

ஆகவே பழைய படகைச் சோதிப்பவர் முதலில் அடிப்பக்கம் போகமாட்டார். மேல்தளத்தில் மழைநீர் தேங்கும் மூலைகள், தளமும் பக்கமும் சேரும் விளிம்பு, பாய்மரம் நிற்கும் குழி, அணியத்தில் நிற்கும் கட்டையின் தலை ஆகியவற்றைத்தான் பார்ப்பார். சிறு சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும். மக்கிய மரம் தொம்மென்று சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் கூர் ஊசியால் குத்திப் பார்ப்பார். ஈரமானியும் உண்டு. காய்ந்த மரம் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தவே கடத்தாது. ஈரம் ஏற ஏற அதன் மின்தடை பல மடங்கு சரியும். இரண்டு ஊசிகளை மரத்தில் அழுத்தி, அந்தத் தடையை அளந்து ஈரத்தின் சதவீதத்தைக் காட்டுவதே அக்கருவி.

மக்கல் கண்ட இடத்தில் வெட்டி எறிவது மட்டும் போதாது. தண்ணீர் வந்த வழியை அடைத்து, காற்று உலவ வழி செய்யாவிட்டால் புது மரமும் அதே இடத்தில் மக்கும். மூடிக் கட்டிய படகு வியர்த்து வீணாகும். திறந்து காற்றாட விட்ட படகு பிழைக்கும்.

ஆணி ஒரு மின்கலம்

1761ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்தது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவைத் தடுப்பதே நோக்கம். புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனம். தன் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் துணையால் மரத்தைச் செரிக்கிறது. செம்பு அந்தப் புழுவைத் தடுத்தது. ஆனால் 1763ல் கப்பலை ஆராய்ந்தபோது வேறொரு விபரீதம் தெரிந்தது: செம்பைத் தொட்ட இரும்பாணிகள் பல அரித்துப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை எடுக்காமல் அப்படியே அடித்திருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன.

மின்கலம் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இன்று பள்ளி வேதியியலே இதற்கு விடை தரும். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நின்றால் மின்கலம் உருவாகிவிடும். எலக்ட்ரானை எளிதில் விடும் உலோகம் கரையும், மற்றது பிழைக்கும். இரும்பும் செம்பும் சேர்ந்தால் இரும்பு போகும். காகிதம் அந்தத் தொடர்பைத் துண்டித்திருந்தது.

1824ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதையே தலைகீழாக்கிப் பயன்படுத்தினார். செம்பைக் காப்பாற்ற, இரும்பு அல்லது துத்தநாகத் துண்டு ஒன்றை அதனோடு சேர்த்து வைத்து, அது கரையட்டும் என்று விட்டார். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு துளித்துளியாகக் கரைவதால்தான் பாசியும் கொட்டலசும் கப்பலில் ஒட்டாமல் இருந்தன என்பது அப்புறம்தான் விளங்கியது. கரையாத செம்பின்மேல் அவை மண்டின. செம்புத் தகட்டுக்கு உதவாத அந்த யோசனை இன்று உலகெங்கும் படகுகளில் நிலைத்துவிட்டது. சுக்கானிலும் உந்துவிசிறித் தண்டிலும் பொருத்தும் துத்தநாகக் கட்டி அதுதான். ஏற்காடு, மேட்டூர் போன்ற நன்னீர்ப் பரப்புகளில் மின்கடத்தல் குறைவு. அங்கே இன்னும் எளிதாக எலக்ட்ரானை விடும் மக்னீசியம் தேவை. சேலத்தையொட்டி வெட்டியெடுக்கும் மக்னசைட் அந்த உலோகத்தின் தாதுதான்.

மரப்படகில் இன்னொரு சிக்கல் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் அயனிகள் சுற்றியுள்ள மரத்தின் செல்லுலோஸைச் சிதைக்கும். மரம் கருத்து, பிடிப்பற்றுப் போகும். காப்பாற்றப்படும் உலோகத்தின் பக்கத்திலோ காரம் உருவாகி மரத்தின் லிக்னினைக் கரைக்கும். எனவே துத்தநாகம் அதிகமானாலும் மரத்துக்குக் கேடுதான். கெட்டுப்போன இரும்பாணியின் தலையும் நுனியும் நன்றாகத் தெரியும். இரண்டு பலகை சேரும் இடுப்பில்தான் அது குச்சியாக இளைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் புலப்படாது.

அப்படியானால் எவர்சில்வர் ஆணி போடலாமே என்று சேலம் உருக்காலையை அறிந்த நம் வாசகர் கேட்கக்கூடும். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம். அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரமரத்துக்குள் புதைந்த ஆணிக்கு ஆக்சிஜன் கிடைக்காது. படலம் உடைந்த இடத்தில் குழி விழும். பித்தளையும் உதவாது: உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை உறிஞ்சிவிட, சிவந்து பொத்தலான செம்பு மிஞ்சும். பழைய படகைப் புதுப்பிப்பவர்கள் சிலிக்கான் வெண்கலத்துக்கும் செம்புக்கும் போவது இதனால்.

உலோகமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் நம் கடற்கரையில் இருந்தார்கள். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்த மசூலாப் படகுகளின் பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி இல்லாததால் அரிப்பு இல்லை. தையல் நெகிழ்வதால் அலை மோதினாலும் உடையாது. கயிறு இற்றால் அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிற்றால் தைக்கலாம். அதே தையல் முறையில் கட்டிய 'கௌண்டின்யா' கப்பலை இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் ஏற்றுக்கொண்டது.

ஒட்டும் வளைவும்

கெட்ட பலகையை வெட்டிப் புதுத் துண்டு சேர்க்கும்போது இரண்டு முனைகளையும் நேராக வைத்து ஒட்டினால் நிற்காது. மரத்தின் வெட்டுமுகம் திறந்த குழாய்களின் வாய். பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிடி தராது. எனவே முனைகளை நீளச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டுவார்கள். ஓர் அங்குல கனத்துக்கு எட்டு அங்குலச் சரிவு குறைந்தபட்சம். பாரம் தாங்கும் இடத்தில் பன்னிரண்டு. இப்போது பசை பிடிப்பது நாரின் பக்கவாட்டை. இழுவிசையும் நீண்ட பரப்பில் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

முறிந்த விலாச் சட்டத்துக்கு வளைந்த புதுச் சட்டம் வேண்டும். ஈர மரத்தைக் கொதிநீராவியில் வைத்தால், நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் இளகும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கைக்கணக்கு. பெட்டியிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் வளைத்து இறுக்கிவிட வேண்டும். ஆறியதும் லிக்னின் மறுபடி கெட்டியாகி, வளைவு அப்படியே நின்றுவிடும்.

பைபருக்கும் தண்ணீர்க் கணக்கு உண்டு

கண்ணாடி இழைப் படகுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரை முழுதும் பைபர் படகு பெருகிவிட்டது. அதன் பாலியெஸ்டர்ப் பிசினும் மெதுவாகத் தண்ணீரை உள்ளே விடும். அந்தத் தண்ணீர் பிசினிலுள்ள சில பொருள்களைப் பிரித்து, அமிலம் கலந்த கரைசலாக உள்ளே தேங்கும். வெளியே நீர், உள்ளே அடர்ந்த கரைசல், நடுவில் மெல்லிய பூச்சு: சவ்வூடுபரவலுக்கு வேண்டியது எல்லாம் தயார். மேலும் மேலும் நீர் உள்ளே இழுக்கப்பட்டுக் கொப்புளங்கள் எழும். பூச்சை உரித்து, நன்னீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் உலரவிட்டு, எபாக்சி பூசுவதுதான் சிகிச்சை. மரப்படகைக் காய விடக்கூடாது. பைபர் படகைக் காயவிடாமல் பூசக்கூடாது.

மரப்படகின் ஒழுக்கை நிறுத்த மேலே பைபர் போர்த்திவிடும் குறுக்குவழியும் உண்டு. அது பெரும்பாலும் படகின் முடிவுரை. பலகை பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், பைபர் அசையாது. ஒட்டு பிரியும், பிரிந்த இடத்தில் மழைநீர் தங்கும், காற்றில்லாத மூட்டத்தில் மரம் யாருக்கும் தெரியாமல் மக்கும்.

வாங்க நினைப்பவருக்கு

சென்னையிலோ கொச்சியிலோ கோவாவிலோ பழைய மரப் பாய்ப்படகு ஒன்று விலைக்கு வந்தால், பளபளக்கும் வண்ணத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை மாதம் கரையில் நின்றது என்று முதலில் கேளுங்கள். நல்ல மழைக்கு மறுநாள் போய், மேல்தளத்தின் கீழே கைவைத்துப் பாருங்கள். பிறகு நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் ஆணியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். அதன் இடுப்பு இளைத்திருந்தால், படகை இலவசமாகக் கொடுத்தாலும் விலை அதிகம்.